பயாஸ் செட்டிங் நிற்க மாட்டேன் என்கிறதா? வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் ரேம் வேகத்தைப் பற்றி எழுதியதிலிருந்து ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: கம்ப்யூட்டர் கிளம்பும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருளான பயாஸில் மாற்றிச் சேமித்த வேகம் நிற்கவில்லை. சிலரிடம் கடையில் ‘மதர்போர்டு போய்விட்டது’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களும் புதுப் போர்டுக்குப் பணம் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் இந்த ஒரு விஷயத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அக்கா, வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு பிரிண்ட் டிசைன் செய்து கொடுக்கிறேன். ரைசன் 5 3600 பிராசஸர், பி450 சிப்செட் போர்டு. முதலில் 8 ஜிபி ரேம் இரண்டு போட்டிருந்தேன். 3200 வேகம். போன தீபாவளி சமயத்தில் அதே வேகத்தில் இன்னும் இரண்டு 8 ஜிபி வாங்கிச் சேர்த்தேன். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை அதன் பெட்டியில் எழுதிய வேகத்துக்குக் கொண்டுவரும் செட்டிங்) ஆன் செய்து எஃப்10 அழுத்திச் சேமித்தால் அன்றைக்கு முழுக்க 3200-இல் ஓடுகிறது. ராத்திரி ஸ்விட்ச் பாக்ஸை அணைத்துவிட்டுப் படுத்தால், காலையில் திரை வராமல் இரண்டு மூன்று முறை அணைந்து அணைந்து எரிகிறது. அப்புறம் 2400-க்குப் போய்விடுகிறது. போர்டில் இருக்கும் சின்ன பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. நேரமும் தேதியும் சரியாகத்தான் காட்டுகிறது. கடையில் போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம் தம்பி. பணத்தைப் பத்திரமாக வையுங்கள். இந்த அறிகுறியோடு என் மேஜைக்கு வந்த போர்டுகளில் போர்டே பழுதாக இருந்தது அபூர்வம்.

சேமித்த செட்டிங் காணாமல் போவதில் இரண்டு வகை உண்டு. போர்டு மறந்துவிடுவது ஒன்று. மறக்காமலே, இந்த வேகத்தில் கிளம்ப முடியவில்லை என்று முடிவு செய்து பாதுகாப்பான வேகத்துக்கு இறங்கிவிடுவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், வைத்தியம்தான் வேறு. பேட்டரி மாற்றுவது முதல் வகைக்கு. உங்களுடையது இரண்டாவது வகை.

போர்டு மறந்தால் கடிகாரமும் சேர்ந்து மறக்கும். இது 1984-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிசி ஏடி காலத்துச் சங்கதி. அதில் மோட்டோரோலாவின் சின்ன சிப் ஒன்று இருந்தது. நேரத்தைக் கணக்கு வைப்பதும் செட்டிங்கை வைத்திருப்பதும் அதே சிப்தான். மொத்த இடம் 64 பைட். இரண்டுக்கும் ஒரே பேட்டரி. இப்போதைய போர்டுகளில் செட்டிங் பெரும்பாலும் பயாஸ் இருக்கும் ஃபிளாஷ் சிப்பிலேயே எழுதப்படுகிறது, அது பேட்டரி இல்லாமலும் அழியாது. ஆனாலும் கடிகாரத்துக்கு மின்சாரம் அறுந்துபோனது என்று தெரிந்தால், போர்டு எதையும் நம்பாமல் எல்லாவற்றையும் டிஃபால்ட்டுக்குக் கொண்டுபோய்விடும். ஆகப் பழைய போர்டோ புதுப் போர்டோ, பேட்டரி காரணம் என்றால் நேரமும் கெட்டிருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். நேரத்தை விண்டோஸில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்டர்நெட் கிடைத்ததும் விண்டோஸ் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். காலையில் ஆன் செய்த கையோடு டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய், அங்கே என்ன நேரம் காட்டுகிறது என்று பாருங்கள். நிறையப் பேர் ஏமாறுகிற இடம் இது.

உங்கள் விஷயத்தில் அதைவிடப் பெரிய தடயம் அந்த அணைந்து அணைந்து எரிவது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது பிராசஸர் ஒவ்வொரு ரேம் ஸ்டிக்கோடும் பேசிப் பார்த்து, எந்தக் கணத்தில் சிக்னலைப் படிப்பது, எந்தக் கணத்தில் எழுதுவது என்று நுணுக்கமாக ஒத்துக்கொள்ளும். இதை மெமரி டிரெய்னிங் என்பார்கள். கச்சேரிக்கு முன் தம்புராவைச் சுருதி சேர்ப்பது மாதிரியான வேலை. சுருதி சேரவில்லை என்றால் போர்டு அணைத்துவிட்டு மறுபடி முயலும். சில முயற்சிகள் தோற்றதும் எக்ஸ்எம்பியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எந்த ரேமும் தாங்கும் ஒரு வேகத்தில் எழுந்து வந்து உங்களுக்குத் திரையைக் காட்டும். அப்படிச் செய்யாவிட்டால் நீங்கள் கருப்புத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். போர்டு உங்களைக் காப்பாற்றுகிறது. அதைப் பழுது என்று தூக்கிப் போடுவது எனக்கு மனசு கேட்கவில்லை.

பகலில் நிற்கிறதே, காலையில் மட்டும் ஏன் போகிறது? ரீஸ்டார்ட் செய்யும்போது பல போர்டுகள் ஏற்கெனவே ஒத்துக்கொண்ட எண்களையே வைத்துக்கொண்டு போய்விடும். ஸ்விட்ச் பாக்ஸை அணைத்தால் எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையிலிருந்து, கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரமும் நின்றுவிடும். காலையில் குளிர்ந்த நிலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். விளிம்பில் நிற்கிற செட்டிங் என்றால் அந்தச் சோதனையில்தான் விழும்.

அது ஏன் விளிம்பில் நிற்கிறது என்றால், நான்கு ஸ்டிக். ரைசன் 3000 வரிசைக்கு ஏஎம்டி அறிவித்த ரேம் வேகம், இரண்டு ஸ்டிக் என்றால் 3200. நான்கு ஸ்லாட்டும் நிறைந்துவிட்டால் ஒரு ரேங்க் (ஒரே தொகுதி மெமரி சிப்) உள்ள ஸ்டிக்குகளுக்கு 2933, இரண்டு ரேங்க் ஸ்டிக்குகளுக்கு 2667. அதற்கு மேல் ஓடினால் அது ஓவர்க்ளாக். ரேம் அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் 3200 அந்தப் பெட்டிக்குள் இருந்த ஜோடிக்கு மட்டும் சொன்ன வாக்கு. வேறொரு நாள் வாங்கிய ஜோடியில் அதே பிராண்டு, அதே மாடல் எண் இருந்தாலும் உள்ளே இருக்கும் மெமரி சிப் வேறாக இருக்கலாம்.

இனி வேலைக்கு வருவோம். புதிதாக வாங்கிய ஜோடியைக் கழற்றி வைத்துவிட்டு, பழைய ஜோடியை ஏ2, பி2 ஸ்லாட்டில் போடுங்கள். பெரும்பாலான போர்டுகளில் பிராசஸர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும். எக்ஸ்எம்பி போட்டு எஃப்10 அழுத்துங்கள். என்னென்ன மாறியது என்று ஒரு பட்டியல் வரும். யெஸ் கொடுக்கும் முன் அதைப் படியுங்கள். மாற்றியது பட்டியலில் இல்லை என்றால் அது சேமிக்கவே படாது. ராத்திரி வழக்கம்போல் ஸ்விட்ச் பாக்ஸை அணைத்துவிட்டுப் படுங்கள். சில நாள் காலையில் தொடர்ந்து நின்றால், போர்டு நன்றாக இருக்கிறது. பிறகு புது ஜோடியை மட்டும் போட்டு அதே சோதனை.

இரண்டு ஜோடியும் தனித்தனியாக நின்று, சேர்த்தால் விழுகிறது என்றால் நான்கையும் போட்டு, எக்ஸ்எம்பி ஆன் செய்து, ரேம் வேகத்தை மட்டும் கையால் 2933-க்கு இறக்குங்கள். என்னைக் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் வேலையில் 3200-க்கும் 2933-க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 16 ஜிபி 32 ஜிபி ஆனதுதான் தெரியும். 3200 வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் கமாண்ட் ரேட்டை (ரேமுக்குக் கட்டளை கொடுக்கும் இடைவெளி) 2டி என்று வைத்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் போர்டு மாடலுக்கு வெளிவந்திருக்கும் புதிய பயாஸ்; ரைசன் போர்டுகளில் ரேம் பொருத்தம் பயாஸ் புதுப்பிப்புகளில் நன்றாகவே முன்னேறியிருக்கிறது. அதற்கும் பிறகுதான் மின்னழுத்தம். டிடிஆர்4-இன் அடிப்படை மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பி அதை ஏற்கெனவே 1.35-க்கு ஏற்றியிருக்கும். 1.37 வரை போகலாம். எஸ்ஓசி மின்னழுத்தம் (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதிக்கானது) 1.1-ஐத் தாண்ட வேண்டாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கையும் சேர்த்து மாற்றிவிட்டு நின்றுவிட்டது என்றால், எது நிறுத்தியது என்று உங்களுக்கே தெரியாது.

நின்ற பிறகு ஒரு ராத்திரி மெம்டெஸ்ட்86 ஓட்டுங்கள். இலவசப் பதிப்பு போதும், பென் டிரைவிலிருந்து கிளம்பும். ஒரே ஒரு தவறு சிவப்பில் வந்தாலும் அந்த வேகம் வேண்டாம். கம்ப்யூட்டர் ஓடுகிறதே என்று விட்டால், நீங்கள் சேமிக்கிற டிசைன் ஃபைலில் எங்கோ ஒரு பிட் மாறி, ஆர்டர் அனுப்புகிற அன்றைக்குத் திறக்காமல் போகும். அந்த நஷ்டத்துக்கு எந்த வேகமும் ஈடாகாது.

மதிப்பிற்குரிய சகோதரிக்கு, நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். என்னிடம் கோர் 2 டுயோ இ7400 பிராசஸர் போட்ட பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. எஃப்எஸ்பி எனும் அடிப்படைத் துடிப்பை 266-இலிருந்து 300-க்கு உயர்த்தி 3.15 கிகாஹெர்ட்ஸில் ஓட்டுகிறேன். நன்றாக ஓடும். ஆனால் பிளக்கைப் பிடுங்கினால் மறுநாள் ‘சிமாஸ் செக்சம் பேட்’ என்று வந்து எஃப்1 அழுத்தச் சொல்கிறது. தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது. பேட்டரி புதிதாகப் போட்டால் இரண்டு மாதம் சரியாக இருக்கிறது, பிறகு பழைய கதை. இரண்டு முறை மாற்றிவிட்டேன். இந்தக் கம்ப்யூட்டரை விட மனமில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தூத்துக்குடி

ஐயா, விட வேண்டாம். 266-ஐ 10.5-ஆல் பெருக்கி 2.8 கிகாஹெர்ட்ஸில் பிறந்த பிராசஸரை 3.15-க்குக் கொண்டுவந்து ஓட்டுகிறீர்கள். அது அந்த வரிசைக்குச் சுலபமான ஏற்றம்தான். உங்கள் போர்டு நிஜமாகவே மறக்கிறது. அதுவும் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் மறக்கிறது. பிளக் செருகியிருக்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை மின்சாரம் சிமாஸை (செட்டிங்கை வைத்திருக்கும் சின்ன மெமரி) பார்த்துக்கொள்கிறது, பேட்டரிக்கு அப்போது வேலை இல்லை.

நீங்கள் கணித ஆசிரியர் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். சிஆர் 2032 பேட்டரியின் கொள்ளளவு ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர்-மணி. கடிகாரமும் சிமாஸும் சேர்ந்து இழுப்பது சில மைக்ரோஆம்பியர்தான். 5 என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது 5 வருடம் வர வேண்டும். உங்களுக்கு வருவது இரண்டு மாதம், 1,440 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், 150 மைக்ரோஆம்பியர் போய்க்கொண்டிருக்கிறது. முப்பது மடங்கு. ஒன்று, கடையில் உங்களுக்குக் கொடுப்பது பல வருடம் அலமாரியில் கிடந்த பேட்டரி. இல்லையென்றால் போர்டில் எங்கோ மின்சாரம் கசிகிறது.

எது என்று கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்துவிடுங்கள். பேட்டரி ஹோல்டரின் ஓரத்தில் வளைந்த சின்னப் பித்தளை நாக்கு ஒன்று இருக்கும். அதை நகத்தால் வெளிப்பக்கம் தள்ளினால் பேட்டரி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு வரும். ஓரத்தைப் பிடித்து எடுங்கள். இரண்டு தட்டை முகத்தையும் விரலால் தொடாதீர்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளவெடுங்கள். புது பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். புதிதென்று வாங்கியதே 2.9-க்குக் கீழே காட்டினால் கடையை மாற்றுங்கள். 2.7-க்குக் கீழே போய்விட்டால் அதன் ஆயுள் முடிந்தது.

இப்போது ஹோல்டரின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் மைனஸ் முனைக்கு ஒரு மெல்லிய தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். உங்கள் ஊர் கடல் காற்றுக்கு அதில் பச்சை பூத்திருக்க வாய்ப்பு உண்டு. காது குடையும் பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்து, பச்சை போகும்வரை துடையுங்கள். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷில் அதே திரவத்தைத் தொட்டு ஹோல்டரைச் சுற்றியும், பக்கத்தில் இருக்கும், செட்டிங்கை அழிப்பதற்கான கிளியர் சிமாஸ் பின்களைச் சுற்றியும் தேய்த்துவிடுங்கள். உப்பும் தூசியும் ஈரமும் சேர்ந்து பின்களுக்கு நடுவே ஒரு பாதை போட்டுவிடும். 150 மைக்ரோஆம்பியருக்கு அந்தப் பாதையே போதும். அந்த மூன்று பின்னில் ஜம்பர் தொப்பி எங்கே மாட்டியிருக்கிறது என்றும் பாருங்கள். பெரும்பாலான போர்டுகளில் 1, 2 என்ற பின்களில் இருக்க வேண்டும். யாரோ அழிக்கும் பக்கம் மாட்டிவிட்டு மறந்திருந்தால் எந்த பேட்டரியும் நிற்காது. போர்டின் மேல் பின்களுக்கு அருகிலேயே அச்சடித்திருப்பார்கள்.

நன்றாகக் காய்ந்த பிறகு கசிவை நேரடியாக அளக்கலாம். பேட்டரியைப் போட்டு, அதற்கும் பிளஸ் தகட்டுக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகுங்கள். மீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் மேலும் கருப்பு முனையைத் தகட்டின் மேலும் வையுங்கள். முதலில் எண் துள்ளும், அது கெபாசிட்டர் நிறைவது. அடங்கியபின் 10-க்குள் நின்றால் கசிவு தீர்ந்தது. நூறுக்கு மேலேயே நின்றால் பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் டயோடோ கெபாசிட்டரோ கசிகிறது. சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவரிடம் இந்த அளவை எழுதிக் கொடுங்கள். ‘நேரம் நிற்கவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவரும் இன்னொரு பேட்டரியைத்தான் போட்டுத் தருவார்.

அக்கா, 3200 ரேம் வாங்கி எக்ஸ்எம்பி போட்டேன். சிபியு-இசட் மென்பொருளில் 1597 என்றுதான் வருகிறது. பாதி வேகம்தான் சேமிக்கிறதா?
– கல்லூரி மாணவர், சேலம்

முழுதாகச் சேமித்திருக்கிறது. டிடிஆர் ரேம் ஒரு துடிப்பில் இரண்டு முறை தகவல் அனுப்பும். சிபியு-இசட் காட்டுவது துடிப்பு, பெட்டியில் எழுதியிருப்பது தகவல் எண்ணிக்கை. 1597-ஐ இரண்டால் பெருக்குங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பார்த்தால் 3200 என்றே இருக்கும். நிம்மதியாகப் படியுங்கள்.

மேடம், புது கேபினட்டுக்கு மாற்றியதிலிருந்து ஒரு வினோதம். பவர் பட்டனில் ஆன், ஆஃப் செய்தால் எல்லாம் சரி. ரீசெட் பட்டனை அழுத்தினால் மட்டும் ஓவர்க்ளாக் செட்டிங், தேதி எல்லாம் போய்விடுகிறது.
– வாசகி, நாகர்கோவில்

கேபினட்டின் ரீசெட் ஒயர் கிளியர் சிமாஸ் பின்னில் மாட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன். சில போர்டுகளில் அதற்கும் இரண்டே பின்தான், முன்பக்கப் பட்டன்களுக்கான பின்களுக்கு அருகிலேயே இருக்கும். பட்டனை அழுத்தும்போதெல்லாம் நீங்களே சிமாஸை அழிக்கிறீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேனுவல் படத்தைப் பார்த்து ஒயரை மாற்றுங்கள். உங்கள் போர்டின் பின்பக்கத்திலேயே கிளியர் சிமாஸ் பட்டன் இருந்தால், கேபினட்டின் பின்தகடு அதை அழுத்திக்கொண்டிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். தகடு கோணலாக உட்கார்ந்தால் அப்படி ஆகும்.

ஐ5-12400 பிராசஸர், பி660 போர்டு. பயாஸில் மல்டிபிளையரை (அடிப்படைத் துடிப்பைப் பெருக்கும் எண்) 48 என்று போட்டுச் சேமிக்கிறேன். திரும்பி வந்து பார்த்தால் பழைய எண்ணே இருக்கிறது. ரேமை 3600-க்கு வைத்தாலும் தடுமாறுகிறது. போர்டில் குறையா?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

இல்லை. அந்த பிராசஸரின் மல்டிபிளையர் பூட்டப்பட்டது. இன்டெலில் பெரும்பாலும் பெயரில் எண்ணுக்குப் பிறகு கே இருந்தால்தான் திறந்த பிராசஸர், அதையும் ஏற்றிவைக்க இசட் வரிசை சிப்செட் வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை. எண் எழுத இடம் கொடுத்துவிட்டு ஏற்றுக்கொள்ளாமல் இருப்பது பயாஸ் எழுதியவர்கள் செய்த அரைகுறை வேலை. அந்தப் பெட்டியையே மறைத்து வைத்திருக்க வேண்டும்.

ரேம் விஷயம் வேறு. பி660-இல் ரேமை ஏற்றலாம். ஆனால் கே இல்லாத 12-ஆம் தலைமுறை பிராசஸர்களில் சிஸ்டம் ஏஜென்ட் (பிராசஸருக்குள் ரேமைக் கையாளும் பகுதி) மின்னழுத்தமும் பூட்டப்பட்டிருக்கிறது. அதனால் டிடிஆர்4 ரேமை கியர் 1-இல் (ரேமும் அந்தப் பகுதியும் ஒரே வேகத்தில்) 3600-க்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நடக்காது. 3200, கியர் 1 வைத்துக்கொள்ளுங்கள். 3600-ஐ கியர் 2-இல் (அந்தப் பகுதி பாதி வேகத்தில்) ஓட்டினால் எண் பெரிதாகத் தெரியும், கேம் வேகம் கூடாது.

எங்கள் கிராமத்தில் கரண்ட் அடிக்கடி போய் வரும். யுபிஎஸ் இல்லை. கம்ப்யூட்டர் கிளம்பும் நேரம் பார்த்து கரண்ட் போனால், அடுத்த முறை ‘ஓவர்க்ளாக்கிங் ஃபெயில்டு’ என்று வருகிறது. மாதக்கணக்கில் நன்றாக ஓடிய செட்டிங் எப்படித் திடீரென்று தோற்கும்?
– வாசகர், திருவண்ணாமலை

தோற்கவில்லை. போர்டுக்கு அப்படித் தெரிகிறது. கிளம்ப ஆரம்பிக்கும்போது போர்டு ஒரு குறி போட்டுக்கொள்ளும், நல்லபடியாகக் கிளம்பி முடித்ததும் அதை அழித்துவிடும். அடுத்த முறை குறி அழியாமல் இருந்தால், போன முறை நடுவில் செத்திருக்கிறது, வேகம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று கணக்குப் போடும். நடுவில் போனது கரண்ட் என்று அதற்குத் தெரிய வழி இல்லை. சில போர்டு ஒரு முறைக்கே பின்வாங்கும், சிலது மூன்று முறை பொறுக்கும்.

அந்தச் செய்தி வந்ததும் பயந்து டிஃபால்ட் லோடு கொடுத்துவிடாதீர்கள். எஃப்1 அழுத்தி உள்ளே போனால் பல போர்டுகளில் உங்கள் எண்கள் அப்படியே இருக்கும். சரிபார்த்துவிட்டு எஃப்10 கொடுத்தால் போதும். எண்கள் போயிருந்தாலும் கஷ்டப்படாமல் இருக்க, நன்றாக ஓடுகிற ஒரு நாளில் அந்த செட்டிங்கை பயாஸிலேயே ப்ரொஃபைலாகச் சேமித்து வையுங்கள். பென் டிரைவிலும் ஒரு பிரதி எடுங்கள், ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால்தான் பயாஸுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு சின்ன யுபிஎஸ் வாங்குங்கள். செட்டிங் போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். ஹார்டு டிஸ்க் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் போட்டோக்கள் திரும்பி வராது.

அக்கா, ரைசன் 7 7800எக்ஸ்3டி வைத்திருக்கிறேன். டிடிஆர்5 6000 ரேம். வாங்கிய புதிதில் எஸ்ஓசி மின்னழுத்தம் 1.35 வைத்து எக்ஸ்போ (எக்ஸ்எம்பி போன்ற ஏஎம்டியின் செட்டிங்) போட்டு ஓட்டினேன். பயாஸ் புதுப்பித்த பிறகு 1.35 போட்டால் 1.3-க்கு மேல் ஏற்க மாட்டேன் என்கிறது. சேமித்து வைத்த ப்ரொஃபைலும் லோடு ஆகவில்லை. எக்ஸ்போ போட்டால் திரையே வராமல் நிற்கிறது, பயந்து அணைத்துவிடுகிறேன். பழைய பயாஸுக்கே போய்விடலாமா?
– ஐடி ஊழியர், வேளச்சேரி

தயவுசெய்து போகாதீர்கள் தம்பி. 2023-இல் உங்கள் பிராசஸர் சந்தைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, அந்த வரிசை பிராசஸர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகிப்போயின. எஸ்ஓசி மின்னழுத்தம் மிகையாகப் போனதுதான் அதில் முக்கியமாகப் பேசப்பட்டது. அதன்பிறகு ஏஎம்டி அந்த மின்னழுத்தத்துக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு வைத்து, எல்லா போர்டு கம்பெனிகளையும் பயாஸில் பூட்டச் சொன்னது. உங்கள் போர்டு 1.35-ஐ ஏற்காததற்கு அதுவே காரணம். இந்தப் பூட்டைத் திறக்க வழி தேட வேண்டாம். நல்ல 6000 ரேம் பெரும்பாலும் 1.2-க்கும் 1.25-க்கும் நடுவில் ஓடிவிடும்.

ப்ரொஃபைல் லோடு ஆகாததும் இயல்பு. பயாஸ் பதிப்பு மாறினால் உள்ளே இருக்கும் பட்டியலின் அமைப்பும் மாறும், பழைய பிரதியை அது படிக்காது. புதுப்பிக்கும் முன் செட்டிங் பக்கங்களை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

திரை வராததுதான் உங்களைக் குழப்புகிறது. டிடிஆர்5-இல் மெமரி டிரெய்னிங் நீளமானது. எக்ஸ்போ போட்டு முதன்முறை கிளம்பும்போது சில நிமிடம் கருப்பாகவே இருக்கும். நீங்கள் நடுவில் அணைத்தால், திருவண்ணாமலை வாசகருக்குச் சொன்ன அதே கணக்குதான்: போர்டு தோல்வி என்று எழுதிக்கொண்டு எக்ஸ்போவைக் கழற்றிவிடும். அடுத்த முறை போர்டில் டி-ரேம் என்று எழுதிய சின்ன விளக்கைப் பாருங்கள். அது எரிந்துகொண்டிருந்தால் டிரெய்னிங் நடக்கிறது. பத்து நிமிடம்வரை பொறுங்கள். அதற்கு மேலும் எரிந்துகொண்டே இருந்தால் அணைத்துவிட்டு, எக்ஸ்போவை விட்டுவிடாமல் வேகத்தை மட்டும் 5600-க்கு இறக்கி மறுபடி முயலுங்கள். திரை வந்தபிறகு பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற செட்டிங்கை ஆன் செய்தால் ஒவ்வொரு காலையும் அவ்வளவு நேரம் ஆகாது. அதை ஆன் செய்ததும் விண்டோஸ் நீலத்திரை காட்ட ஆரம்பித்தால் ஆஃப் செய்துவிடுங்கள். சில போர்டுகளில் அது இன்னும் ஒத்துவருவதில்லை.